மீட் புரோப் மக்கர் செய்தால்: ஓவனைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இப்போது சமையலறை அலமாரிக்குள்ளேயே ஓவனைப் பதித்துவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்தால் சொல்லவே வேண்டாம். கொஞ்சம் விலை கூடிய மாடல் என்றால், பெட்டிக்குள் ஒரு முனையில் எஃகு ஊசியும் மறுமுனையில் ஹெட்போன் பின் மாதிரி ஒரு ஜாக்கும் உள்ள நீண்ட கம்பி ஒன்று சுருட்டி வைத்திருப்பார்கள். அதுதான் மீட் புரோப். ஊசியை இறைச்சிக்குள் குத்தி, ஜாக்கை ஓவனின் உள்சுவரில் இருக்கும் துளையில் செருகினால், இறைச்சியின் நடுப்பகுதி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று திரையில் தெரியும். நாம் வைத்த எண்ணை எட்டியதும் ஓவன் தானே நின்றுவிடும், அல்லது கூப்பிடும்.

இது மக்கர் செய்யும்போது பெரும்பாலும் கேட்கக் கிடைக்கும் பதில், "போர்டு போயிருக்கும், மாத்தணும்" என்பது. போர்டு என்பது ஓவனை இயக்கும் மின்னணுப் பலகை, ஓவனிலேயே விலை கூடிய உதிரிபாகங்களில் ஒன்று. சந்தேகப் பட்டியலில் அது கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன: நாம் பயன்படுத்திய விதம், புரோப், அது செருகும் துளை. இந்த மூன்றையும் ஓவனின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அந்த வரிசையில்தான் போகப் போகிறோம்.

உள்ளே இருப்பது என்ன

ஊசியின் நுனிக்குள் மிளகைவிடச் சிறிய ஒரு பொருள் இருக்கிறது. தெர்மிஸ்டர் என்று பெயர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். போர்டு அந்தத் தடையை அளந்து, டிகிரியாகக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. இறைச்சி, எலும்பு, நெய் (கொழுப்பு) எதுவும் போர்டுக்குத் தெரியாது. தடை கூடினால் குளிர்ச்சி, குறைந்தால் சூடு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே ஊகித்துவிடலாம். கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்று வையுங்கள். மின்சாரம் போக வழியில்லை, தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். போர்டு அதை "மிக மிகக் குளிர்ச்சி" என்றோ "புரோப்பே செருகவில்லை" என்றோ எடுத்துக்கொள்ளும். திரையில் கோடுகள் வரும், அல்லது புரோப் அடையாளமே வராது. மாறாக, கம்பிக்குள் ஈரம் புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு இழைகளுக்கும் நடுவில் மின்சாரம் கசியும். தடை குறையும். போர்டு அதைச் சூடு என்று படிக்கும். உள்ளே வேகாத கோழியை வைத்துக்கொண்டு 74 டிகிரி வந்துவிட்டது என்று ஓவன் நின்றுவிடும்.

இரண்டில் எது மோசம்? முதலாவது சமையலைக் கெடுக்கும். இரண்டாவது வயிற்றைக் கெடுக்கும். அதனால் "எண் காட்டுகிறது, அப்படியென்றால் புரோப் நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துவிடக் கூடாது.

இது கோளாறுதானா?

புதிதாக ஓவன் வாங்கியவர்கள் கோளாறு என்று நினைப்பதில் கணிசமான பங்கு கோளாறே அல்ல. முதலில் ஜாக். புது ஓவனில் துளை இறுக்கமாக இருக்கும். பாதி உள்ளே போனதும் நின்றுவிட்ட மாதிரி தோன்றும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் "டக்" என்று உட்காரும். துளைக்கு மூடி இருந்தால் அது முழுவதும் விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, எந்த முறையில் சமைக்கிறீர்கள். பல ஓவன்களில் கிரில் முறையில் புரோப் வேலை செய்யாது. மைக்ரோவேவும் சேர்ந்த ஓவன் என்றால், கையேட்டில் தெளிவாக அனுமதி இருந்தாலொழிய மைக்ரோவேவ் ஓடும்போது புரோப்பை உள்ளே வைக்கவே கூடாது. சில மாடல்களில் புரோப்பை முதலில் செருகிவிட்டு அப்புறம்தான் முறையைத் தேர்வு செய்ய வேண்டும். வரிசை மாறினால் அது கண்டுகொள்ளாது.

திரையில் 165 என்று வந்து பயந்தால், அது ஃபாரன்ஹீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 165 ஃபாரன்ஹீட் என்பது 74 செல்சியஸ். செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். அதேபோல, சில ஓவன்கள் 30 டிகிரிக்குக் கீழே எண் காட்டுவதில்லை. ஃபிரீசரில் இருந்து எடுத்து அரைகுறையாக உருகிய கோழியில் குத்திவிட்டு, எண் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். கால் மணி நேரம் சூடேறட்டும்.

குத்தும் இடம்தான் இதில் பெரிய விஷயம். வெப்பத்தை உணர்வது ஊசி முழுவதும் அல்ல, பெரும்பாலான புரோப்களில் நுனிப் பகுதி மட்டும்தான். நம் ஊரில் ரோஸ்ட்டுக்கு வாங்கும் பிராய்லர் உரித்தபின் ஒன்றரைக் கிலோ இருந்தால் பெரிது. அதன் நெஞ்சில் குத்தினால் நுனி மறுபக்கம் வயிற்றுக் குழிக்குள் வந்து நின்றுவிடும். அங்கே இருப்பது சூடான காற்று. எண் விறுவிறுவென்று ஏறும். நாட்டுக்கோழிக்கு நெஞ்சே மெலிது, அதில் புரோப் போட்டால் நம்ப முடியாது. காலுக்கும் உடம்புக்கும் நடுவில், தொடையின் உள்பக்கத்தில், எலும்பில் முட்டாமல் குத்துவது பாதுகாப்பு. தாராவுக்கும் (வாத்து) அதே இடம்தான். ஆனால் தாராவின் தோலுக்கடியில் நெய் தடிமனாக இருக்கும், நுனி அதைத் தாண்டிச் சதைக்குள் போக வேண்டும். நுனி எலும்பில் முட்டியிருந்தால் எண்ணை நம்ப வேண்டாம், எலும்பு சூடாகும் வேகம் வேறு. நெய்மீனை முழுத்துண்டாகச் சுட்டால் தலையை ஒட்டிய தடித்த பகுதியில், பக்கவாட்டில் இருந்து குத்துங்கள்.

குத்திய இடத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள். எண் உடனே பத்துப் பதினைந்து டிகிரி மாறி, அங்கேயே நிலையாக நின்றால், புரோப் சரி, இடம்தான் தப்பு.

திரை காட்டுவதை வைத்து ஊகிப்பது

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் தகராறு தொடர்கிறதா? அப்படியென்றால் அது எந்த வகைத் தகராறு என்று கவனியுங்கள்.

எண்ணே வரவில்லை, கம்பியை ஆட்டினால் வந்து வந்து போகிறது என்றால் கம்பி உள்ளே முறிந்திருக்கிறது, அல்லது துளைக்குள் கான்டாக்ட் சரியில்லை. கம்பி முறிவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஊசியின் கைப்பிடியை விட்டு வெளிவரும் இடம், ஜாக்கை ஒட்டிய இடம். ஓவன் கதவில் நசுங்கியிருந்தால் அந்த இடத்திலும் பாருங்கள்.

சமைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எண் திடீரென்று 50இல் இருந்து 90க்குத் தாவுகிறது, பிறகு இறங்குகிறது என்றால் கம்பிக்குள் ஈரம் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். புரோப்பைப் பாத்திரங்களோடு சிங்க்கில் ஊறப்போட்ட வீடுகளில் இது சகஜம். ஊசியின் எஃகுப் பகுதியை மட்டும் நனைத்துத் துடைக்க வேண்டும். கைப்பிடி, கம்பி, ஜாக் மூன்றும் தண்ணீருக்குள் போகக் கூடாது.

தொடக்கத்தில் மட்டும் கூடுதலாகக் காட்டி, வேகும் நேரத்தில் ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது என்று வரும் தகராறு ஒன்று உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓம் என்பது மின்தடையின் அலகு. 25 டிகிரியில் ஒரு லட்சம் ஓம் தடை காட்டும் வகைப் புரோப் என்று வையுங்கள். துளைக்குள் உப்பும் ஈரமும் சேர்ந்து இன்னொரு லட்சம் ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால், 5 டிகிரியில் இருக்கும் ஃபிரிட்ஜ் இறைச்சியை ஓவன் ஏறக்குறைய 30 என்று காட்டும். அதே கசிவு 75 டிகிரியில் நாலைந்து டிகிரிதான் பிழை காட்டும். காரணம், சூடான தெர்மிஸ்டரின் தடையே குறைவு. அதன் பக்கத்தில் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. ஆகவே குளிர்ந்த இறைச்சியைக் குத்தியவுடன் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த இறைச்சி 30 டிகிரியில் இருக்க வழியே இல்லை.

கடைசியாக, புரோப்பைக் கழற்றிய பிறகும் திரையில் புரோப் அடையாளம் அப்படியே நிற்கிறது, சாதாரண பேக்கிங் முறைக்குப் போக ஓவன் மறுக்கிறது என்றால், புரோப்பின் மேல் குற்றமில்லை. அது அங்கேயே இல்லையே. துளைதான். நேராகத் துளை பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

வெந்நீர் சோதனை

இதற்குத் தேவை ஒரு எவர்சில்வர் டம்ளர், கொதித்த தண்ணீர், இன்னொரு சமையல் தெர்மாமீட்டர். ஓவன் சூடாக வேண்டாம். கதவைத் திறந்து, டம்ளரைக் கம்பித் தட்டில் வைத்து, புரோப்பைத் துளையில் செருகி, ஊசியை மட்டும் தண்ணீரில் விடுங்கள். இரண்டாவது தெர்மாமீட்டரையும் அதே தண்ணீரில், நுனிகள் அருகருகே இருக்கும்படி பிடியுங்கள். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ நுனி தொட வேண்டாம். ஒரு நிமிடம் பொறுத்து இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஐந்துக்கு மேல் போனால் பிரச்சினை இருக்கிறது.

அடுப்பில் இருந்து டம்ளருக்கு ஊற்றும்போதே தண்ணீர் ஆறத் தொடங்கிவிடும். அதனால் திரையில் 100 வரவில்லை என்று குறை சொல்லக் கூடாது. இரண்டாவது தெர்மாமீட்டர்தான் அளவுகோல். தண்ணீர் ஆற ஆற 80, 60, 40 என்று இறங்கும்போதும் பார்த்தால் இன்னும் நல்லது. மேலே சரியாகவும் கீழே கூடுதலாகவும் காட்டினால், முன்னால் சொன்ன கசிவுதான்.

மல்டிமீட்டர் சோதனை

புரோப்பா துளையா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்வது இந்தச் சோதனைதான். மின்தடையை அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புரோப்பை ஓவனில் இருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இதில் கரண்ட் அடிக்க ஒன்றும் இல்லை, தைரியமாகச் செய்யலாம்.

மீட்டரை ஓம் பகுதியில் 200 ஆயிரம் அளவில் வையுங்கள். ஒரு முனை ஜாக்கின் நுனியில், இன்னொன்று அதன் அடிப்பகுதியில். ஜாக்கில் கறுப்பு வளையம் ஒன்று இருந்தால் இரண்டே தொடுபகுதிகள். இரண்டு வளையம் இருந்தால் மூன்று. அப்போது இரண்டிரண்டாக மாற்றி மாற்றி அளந்து பாருங்கள். முக்கியமானது: மீட்டர் முனைகளின் உலோகத்தை இரண்டு கையாலும் தொடக் கூடாது. நம் உடம்பும் ஒரு தடைதான், வேர்த்த கை என்றால் சொல்லவே வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் விரலின் தடையை அளந்துவிட்டுப் புரோப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. முதலைக் கிளிப் இருந்தால் மாட்டிவிடுங்கள்.

என்ன எண் வர வேண்டும்? கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல புரோப்கள் 25 டிகிரியில் 50 ஆயிரம் ஓம், அல்லது ஒரு லட்சம் ஓம் என்ற வகை. வேறு அளவுகளும் உண்டு. இங்கே ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். சர்வீஸ் புத்தகத்தில் கொடுத்திருப்பது 25 டிகிரிக்கான அளவு. நம் சமையலறை பெரும்பாலான நாட்களில் 30 டிகிரியில் இருக்கும். அந்த ஐந்து டிகிரிக்கே தடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு லட்சம் என்று போட்டிருப்பது இங்கே 80 ஆயிரம் என்று காட்டினால் அது கெட்டுப்போன புரோப் அல்ல, சரியான புரோப்.

உண்மையில் எண்ணைவிட முக்கியம் அது எப்படி நகர்கிறது என்பது. மீட்டரை மாட்டியபடியே ஊசியை அடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குள் விடுங்கள். கம்பி தீயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடை வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு லட்சம் வகையில் சுமார் 7 ஆயிரத்திலும், 50 ஆயிரம் வகையில் அதில் பாதியிலும் போய் நிற்க வேண்டும். அதாவது 25 டிகிரி அளவில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு. அப்புறம் நொறுக்கிய ஐஸ் நிரம்பிய டம்ளரில் விட்டால் 25 டிகிரி அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏற வேண்டும். மீட்டர் அளவைப் போதுமான அளவுக்கு மேலே மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லை தாண்டியதாகக் காட்டும்.

கடலோரத்திலும் நாகர்கோவிலிலும் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். மாறாமலை மாதிரி எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் இடது ஓரத்தில் வெறும் 1, அல்லது ஓ.எல். என்று வந்து, அளவை மேலே மாற்றியும் அப்படியே நின்றால் கம்பி அறுந்திருக்கிறது. சூன்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட். சரியான எண் வந்தாலும் அதோடு விடாதீர்கள். கைப்பிடியருகிலும் ஜாக்கருகிலும் கம்பியை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் முறிவு தொடங்கிவிட்டது. ஈரம் என்று சந்தேகமா? புரோப்பை நல்ல வெயிலில் நாள் முழுக்கப் போட்டுவிட்டு, அறைச்சூட்டுக்கு ஆறிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். தடை கணிசமாகக் கூடியிருந்தால் சந்தேகம் சரி. காய்ந்ததும் வேலை செய்யும், ஆனால் ஈரம் புகுந்த வழி அடைபட்டிருக்காது. அடுத்த முறை ஆவியில் மறுபடி இழுத்துக்கொள்ளும்.

துளை: இந்த மாவட்டத்துக்கே உரிய தலைவலி

புரோப் மேசையில் ஒழுங்காக அளவு காட்டுகிறது, ஓவனில் மாட்டினால் தகராறு என்றால் அடுத்த குற்றவாளி துளை. கொல்லங்கோட்டில் இருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சாட்சி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்வதால் காற்றில் ஈரம் இல்லாத மாதங்கள் குறைவு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இதோடு ரோஸ்ட் செய்யும்போது தெறிக்கும் நெய்யும் மசாலாவும் துளைக்குள் போய்க் கருகிப் படிந்தால் கேட்கவே வேண்டாம். மூடி இல்லாத துளைக்குள் எறும்பு போய்க் குடியேறுவதும் உண்டு.

சுத்தம் செய்யும் முறை இது. ஓவன் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். திரையில் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் இருக்கும் சுவிட்ச்) இறக்குங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கறுப்பாகக் கரி, பச்சையாகக் களிம்பு, வெள்ளையாக உப்பு, இவற்றில் ஏதாவது தெரிகிறதா? தென்னை ஈர்க்கில் ஒன்றை அளவாக ஒடித்து, நுனியில் பஞ்சைக் கெட்டியாகச் சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, துளைக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். பஞ்சு கறுத்து வரும். வெள்ளையாக வரும்வரை பஞ்சை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். புரோப்பின் ஜாக்கையும் அதே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும் சாமான். முழுவதும் ஆவியாகும்வரை அரை மணி நேரம் கதவைத் திறந்து போட்டுவிட்டு அப்புறம்தான் மெயினைப் போட வேண்டும்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. ஊசி, ஹேர்பின், உப்புத்தாள் கொண்டு சுரண்ட வேண்டாம். கான்டாக்ட் மேல் மெல்லிய பூச்சு இருக்கும், அது போனால் களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். குத்துவிளக்கு தேய்க்கிற நினைப்பில் புளியையோ எலுமிச்சையையோ கொண்டுபோக வேண்டாம். மிச்சம் தங்கும் புளிப்பு உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் விடுவது இன்னும் கெடுதல். சூட்டில் கருகிப் புகையும்.

புரோப் இல்லாமலே அடையாளம் காட்டும் ஓவனாக இருந்தால், துடைத்த பிறகு நன்றாகக் காய வைப்பதுதான் மருந்து. சாதாரண முறை வேலை செய்தால் 150 டிகிரியில் அரை மணி நேரம் வெறும் ஓவனை ஓடவிடுங்கள். அதற்கும் ஓவன் மறுத்தால், மெயினை அணைத்த நிலையில் ஹேர் டிரையரால் துளையை நோக்கிச் சூடான காற்றை ஊதுங்கள். பிறகு பத்து நிமிடம் கழித்து மெயினைப் போட்டுப் பாருங்கள். சில நேரம் கரண்ட் போய் வந்த குழப்பத்தில் போர்டு பழைய நிலையிலேயே சிக்கி நிற்கும். இந்தப் பத்து நிமிட அணைப்பிலேயே அதுவும் தெளிந்துவிடும்.

துடைத்துக் காயவைத்தும் சரியாகவில்லை, புரோப் நல்லது என்று மீட்டர் சொல்கிறது என்றால், துளையின் பின்பக்க சாக்கெட், அதில் இருந்து போர்டுக்குப் போகும் வயர், போர்டு இந்த மூன்றில் ஒன்று. இங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதித்த ஓவனை வெளியே இழுக்கவே இரண்டு ஆள் வேண்டும். பின்னால் 230 வோல்ட் முனைகள் இருக்கின்றன. மைக்ரோவேவ் சேர்ந்த மாடல் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது.

இன்னொன்று. ஓவன் உடம்பையோ புரோப்பையோ தொடும்போது சுருக்கென்று இருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்.

ஒட்டுப்போடலாமா, மாற்றலாமா

அறுந்த இடம் ஜாக்கருகில் கண்ணுக்குத் தெரிந்தால், திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவரிடம் கொடுத்து ஒரு ஜாக் மாட்டிப் பற்றவைத்துவிடலாமே என்று தோன்றும். பார்க்க மைக் வயர் ஜாக் மாதிரியே இருக்கும், அதே 6.3 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கலாம். ஆனால் அது ஓவனுக்குள் இருக்கப் போகிறது. சாதாரண ஈயப் பற்று ஏறக்குறைய 185 டிகிரியில் உருகிவிடும். நாம் ரோஸ்ட் செய்வதே 180, 200இல். பிளாஸ்டிக் ஜாக் இளகும், இன்சுலேஷன் டேப் உருகும், சாப்பாட்டுப் பக்கத்தில் ஈயம் வேறு. வேண்டாம். கெட்ட புரோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் முறை.

வாங்கும்போது ஓவனின் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரியதையே வாங்குங்கள். கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும், அதில் முழு எண்ணும் இருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்த ஓவன் என்றால், அந்த எண்ணை அங்கிருக்கும் உறவினருக்கு அனுப்பி, வரும்போது வாங்கி வரச் சொல்வது சில நேரம் சுலபம். "எல்லா ஓவனுக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனில் விற்பதை வாங்காதீர்கள். ஜாக் துளையில் உட்காரும், எண்ணும் காட்டும். ஆனால் தெர்மிஸ்டர் வேறு வகை என்றால் அந்த எண் பொய். ஒன்றுமே காட்டாத புரோப்பைவிட நம்பும்படியாகப் பொய் சொல்லும் புரோப் ஆபத்து.

ஆளைக் கூப்பிடும்போது

சர்வீஸ் ஆள் திருவனந்தபுரத்தில் இருந்தோ திருநெல்வேலியில் இருந்தோ வர வேண்டியிருந்தால், அவர் கையில் சரியான பொருளோடு வருவது நமக்கும் லாபம். "புரோப் வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அறையில் இத்தனை ஆயிரம் ஓம், கொதிநீரில் இத்தனை, கம்பியை வளைத்தால் மாறவில்லை, துளையைத் துடைத்தாகிவிட்டது, ஆனாலும் கோடுதான் வருகிறது" என்று சொல்லுங்கள். மாடல் எண்ணையும் திரையில் வரும் கோளாறு எண்ணையும் படமாக அனுப்புங்கள். வாரண்டி இருந்தால் பில்லை எடுத்து வையுங்கள். வாரண்டி உள்ள ஓவனை வெளி ஆளிடம் கழற்றக் கொடுக்க வேண்டாம்.

வருகிறவர் புரோப்பை அளந்துவிட்டு, "80 ஆயிரம் காட்டுது, ஆயிரம்தான் வரணும், இது போச்சு" என்றால் அவர் வேறொன்றை நினைத்துக்கொண்டு சொல்கிறார். ஓவனின் உள்வெப்பத்தை அளக்கும் சென்சார் தனி. பல மாடல்களில் அது பிளாட்டினத்தால் ஆனது. 0 டிகிரியில் 1000 ஓம், சூடு ஏறினால் தடையும் ஏறும். மீட் புரோப் அதற்கு நேர் எதிர்.

போர்டு மாற்ற வேண்டும் என்றால், ஒப்புக்கொள்ளும் முன் ஒன்று கேளுங்கள். ஒரு ஜாக்கில் 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் (தடை மாறாத சிறு பாகம்) ஒன்றைப் பற்றவைத்து, ஆறிய ஓவனில் புரோப்புக்குப் பதிலாகச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். ரெசிஸ்டரின் விலை டீ விலைகூட இல்லை. திரையில் ஏதோ ஒரு எண் வந்து ஆடாமல் அசையாமல் நின்றால், சாக்கெட், வயர், போர்டு மூன்றுமே வேலை செய்கின்றன என்று அர்த்தம்; கோளாறு பெரும்பாலும் புரோப்பில்தான். எண் வரவில்லை என்றால் அந்த ரெசிஸ்டரையே போர்டின் முனையில் நேராகக் கொடுத்துப் பார்க்கட்டும். அங்கே எண் வந்தால் சாக்கெட்டோ வயரோ மாற்றினால் போதும். அங்கேயும் வரவில்லை என்றால்தான் போர்டு.

அதுவரை சமையல்

புரோப் இல்லாவிட்டாலும் ஓவன் ஓவன்தான். சாதாரண முறையில் 180 டிகிரியில் வைத்து, கோழிக்கு ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 20 நிமிடம், கூடவே இன்னொரு 20 நிமிடம் என்று கணக்குப் போடலாம். ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஏறக்குறைய 80 நிமிடம். வெந்நீர் சோதனைக்கு எடுத்த அந்தத் தனித் தெர்மாமீட்டர் இங்கேயும் உதவும். நேரம் முடிவதற்குக் கால் மணி முன்னால் தட்டை வெளியே இழுத்து, தொடையிலும் நெஞ்சிலும் குத்திப் பாருங்கள். வெளியே வைத்துப் படிக்கும் வகைத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுக் கதவை மூடிவிடாதீர்கள், உருகிவிடும்.

அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவுகள் இவை: கோழி, தாரா போன்ற பறவைகளுக்கு 74 டிகிரி. கொத்துக்கறிக்கு 71. மாடு, ஆடு, பன்றி முழுத்துண்டாக இருந்தால் 63 டிகிரியோடு மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். மீனுக்கு 63. இவை குறைந்தபட்சம்தான். 63இல் எடுத்த மாட்டிறைச்சியை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் திரும்ப அடுப்புக்கே அனுப்பிவிடுவார்கள். தொடை, தோள்பட்டை மாதிரி நரம்பும் சவ்வும் உள்ள துண்டுகளை 85க்கும் 95க்கும் நடுவில் கொண்டுபோய், அங்கேயே மெதுவாக வைத்திருந்தால்தான் சவ்வு இளகிப் பஞ்சு மாதிரி வரும். பெரிய துண்டாக இருந்தால் ஓவனில் இருந்து எடுத்த பிறகும் உள்சூடு மூன்று முதல் ஐந்து டிகிரி ஏறும். அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்து, மேலே ஃபாயில் தாளை லேசாகப் போர்த்திப் பத்து நிமிடம் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

புதுப் புரோப் வந்ததும் முதல் வேலையாக அறைச்சூட்டிலும் கொதிநீரிலும் அதன் தடையை அளந்து, அந்த இரண்டு எண்களையும் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். சமைத்து முடிந்ததும் அதைத் துளையிலேயே விட்டுவைக்க வேண்டாம். தானே சுத்தம் செய்யும் முறை உள்ள ஓவன் 500 டிகிரி பக்கம் போகும். அதற்குள் மறந்துவிட்ட புரோப் தப்பாது.